காற்றுச் சுரங்க ஆய்வகம்: புதிதாக வருபவர்களுக்கு, வாயிலிருந்து விசிறி வரை

விசிறியால் காற்றை ஓடவிட்டு மாதிரியின் மேல் அதன் விளைவை அளக்கும் காற்றுச் சுரங்கம், அதாவது விண்ட் டனல், இருக்கும் கூடத்துக்குள் முதல்முறை வரும் மாணவர்கள் நேராக நடுவிலிருக்கும் கண்ணாடிப் பெட்டியிடம்தான் போவார்கள். மாதிரி இறக்கை அங்கேதான் நிற்கிறது, விளக்கும் அங்கேதான் எரிகிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு அளவும் சரியா தப்பா என்பது பெட்டிக்கு வெளியே முடிவாகிவிடுகிறது. அதனால் காற்று உள்ளே நுழையும் இடத்திலிருந்து வெளியே போகும் இடம் வரை ஒருமுறை கூடவே நடந்து பாருங்கள். அப்புறம் மாதிரியைத் தொடலாம்.

காரைக்குடியில் படிப்புக்குப் பஞ்சமில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது, 1948 ஜூலை 25 அன்று நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அழகப்பர் பெயரில் உள்ள பொறியியல் கல்லூரி 1952இல் தொடங்கியது. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் இயந்திரவியல், கட்டடவியல், வானூர்தியியல் என்று எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு பருவத்தில் காற்றுச் சுரங்கத்தின் முன் வந்து நிற்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கல்லூரிகளில் அதிகம் காணப்படும் வகையை வைத்தே சொல்கிறேன்: திறந்த சுற்று, உறிஞ்சும் வகை (விசிறி பின்னாலிருந்து காற்றை இழுக்கும்), 600 மி.மீ. சதுர டெஸ்ட் செக்‌ஷன், 2 மீட்டர் நீளம். மாதிரி நிற்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத்தான் டெஸ்ட் செக்‌ஷன் என்கிறோம்.

சின்னதாக இருக்கிறதே என்று மனம் சோர வேண்டாம். 1901இல் ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் செய்த சுரங்கம் 6 அடி நீள மரப்பெட்டி, உள்ளே 16 அங்குலச் சதுரம், அவ்வளவுதான். அளக்கும் தராசை ஹேக்சா பிளேடும் சைக்கிள் ஆரக் கம்பியும் கொண்டு செய்தார்கள். அதில் சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்த பிறகுதான் அவர்கள் கையிலிருந்த பழைய கணக்குகள் ஏன் பொருந்தவில்லை என்று விளங்கியது. ஐ.ஐ.டி. கான்பூரில் உள்ள தேசியக் காற்றுச் சுரங்கத்தின் டெஸ்ட் செக்‌ஷன் 3 மீட்டர் அகலம், 2.25 மீட்டர் உயரம், நொடிக்கு 80 மீட்டர் வேகம். அளவுதான் வேறு. அங்கே போனாலும் இதே பாதையைத்தான் நடக்கப்போகிறீர்கள்.

முதலில் அறையைப் பாருங்கள்

திறந்த சுற்றுச் சுரங்கத்தில் விசிறி தள்ளிய காற்று சுவரில் மோதித் திரும்பி, அறை வழியாகவே மறுபடி சுரங்கத்தின் வாய்க்கு வருகிறது. அதாவது அந்த அறையே சுரங்கத்தின் ஒரு பகுதி. வாய்க்கு முன்னால் பீரோ, பழைய மேசை, மடக்கு நாற்காலி எதுவும் இருக்கக்கூடாது. வாயின் அகலம் எவ்வளவோ அந்த அளவு இடமாவது முன்னால் காலியாக இருக்கட்டும். பின்னால் விசிறிக்கும் அதே மரியாதை.

கதவும் ஜன்னலும் இங்கே பெரிய விஷயம். ஆடி மாதம் மேல்காற்று அடிக்கும்போது மேற்குப் பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அளவெடுத்தால் மேனோமீட்டர் (அழுத்தத்தை நீர்மட்டமாகக் காட்டும் குழாய்) ஒரு நிலையில் நிற்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கருவியில் கோளாறு என்று நினைத்துக் குழாய்களைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். கதவைச் சாத்துங்கள், பாதிப் பிரச்சினை தீரும். ஆடியில் முக்கியமான அளவுகளைக் காலையிலேயே எடுத்துவிடுவது நல்லது.

இன்னொன்று செம்மண் தூசி. நம் ஊர்த் தூசி சாதாரணமானதல்ல. வெளியே ஒரு லாரி போனால் போதும், சுரங்கத்துக்குள் இருக்கும் கம்பி வலையில் வந்து ஒட்டிக்கொள்ளும். தரையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

காற்றின் பாதையில் நடப்போம்

வாய். வெளிப்பக்கம் வளைந்த உதடு இருக்கும். காற்று விளிம்பில் பிய்ந்துபோகாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகத்தான் அந்த வளைவு. ஒரு குச்சி நுனியில் தையல் நூல் கட்டி, சுரங்கம் மெதுவாக ஓடும்போது வாயைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் நூல் அமைதியாக உள்நோக்கிச் சாய வேண்டும். ஒரு மூலையில் மட்டும் துடித்தால் அந்தப் பக்கம் அறையில் ஏதோ தடுக்கிறது.

அடுத்து தேனடைத் தட்டு, ஆய்வகத்தில் எல்லோரும் ஹனிகோம்ப் என்பார்கள். சுழன்றுகொண்டு வரும் காற்றை நேராக்குவது இதன் வேலை. தேனடையின் ஒவ்வொரு சிற்றறையின் நீளமும் அகலத்தைப்போல் 6 முதல் 8 மடங்கு இருப்பது வழக்கம். அதற்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக மெல்லிய கம்பி வலைகள். இவை வேகத்தில் உள்ள மேடுபள்ளங்களைச் சமன் செய்கின்றன. வேகமாக வரும் இடத்தில் வலை அதிகம் தடுக்கும், மெதுவாக வரும் இடத்தில் குறைவாகத் தடுக்கும். அதனால் முழுக் குறுக்குவெட்டிலும் வேகம் ஒன்றுபோல ஆகிறது.

வலையில் ஓட்டை எவ்வளவு, கம்பி எவ்வளவு என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. திறந்த பரப்பு சுமார் 57 சதவீதத்துக்குக் கீழே போனால், ஓட்டைகள் வழியாக வரும் சின்னச் சின்னத் தாரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓட்டத்தைக் கெடுத்துவிடும். செம்மண் தூசியை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான். தூசி படிந்த வலை அழுத்தத்தை மட்டும் தின்பதில்லை, நல்ல வலையைக் கெட்ட வலையாகவே மாற்றிவிடும், அதுவும் ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு என்று. டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், படிந்த திட்டு கண்ணில் படும். மென்மையான பிரஷ்ஷும் வேக்குவம் கிளீனரும் போதும். ஈரத்துணியை இங்கே கொண்டுவராதீர்கள், தூசி சேறாகிக் கம்பிக்கு நடுவே காய்ந்துவிடும்.

வலைகளைத் தாண்டியதும் அமைதி அறை. பெயருக்கு ஏற்ப, வலை கிளப்பிய சின்னச் சுழல்கள் அடங்குவதற்கான காலி இடம். அப்புறம் குறுகும் பகுதி. 1.8 மீட்டர் சதுரம் 0.6 மீட்டர் சதுரமாகக் குறுகினால் பரப்பு 9இல் ஒரு பங்காகிறது, வேகம் 9 மடங்காகிறது. அமைதி அறையில் நொடிக்கு 3.3 மீட்டராக ஊர்ந்துவரும் காற்று டெஸ்ட் செக்‌ஷனில் 30 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. செட்டிநாட்டு வீட்டில் வளவிலிருந்து (நடு முற்றத்திலிருந்து) இரண்டாம் கட்டுக்குப் போகும் குறுகலான நடையில் மத்தியானம் உட்கார்ந்தால் காற்று பிய்த்துக்கொண்டு வருமே, அதேதான். வேகம் கூடுவது மட்டுமல்ல, எஞ்சியிருக்கும் மேடுபள்ளங்களும் இந்தப் பாய்ச்சலில் மொத்த வேகத்தோடு ஒப்பிட்டால் சின்னதாகிவிடுகின்றன. நல்ல காற்று என்பது டெஸ்ட் செக்‌ஷனுக்கு வருமுன்பே தயாராகிவிடுகிறது.

டெஸ்ட் செக்‌ஷன் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். உறிஞ்சும் வகைச் சுரங்கத்தில், ஓடும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் அறையின் அழுத்தத்தைவிடக் குறைவு. நொடிக்கு 30 மீட்டரில் வித்தியாசம் 500 பாஸ்கலுக்கு மேல். 60 செ.மீ. சதுரக் கதவின் மேல் இது ஏறக்குறைய 19 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். ஓடும்போது கதவைத் திறக்க முயலாதீர்கள். சிரமப்பட்டுத் திறந்துவிட்டால் கையில் உள்ளது உள்ளே பறக்கும். அதே காரணத்தால், மாதிரியைத் தாங்கி விசையை அளக்கும் பேலன்ஸின் கம்பி நுழையும் துளையைச் சுற்றி மயிரிழை இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று அங்கே பீறிட்டு வந்து இழுவிசை (காற்று மாதிரியைப் பின்னுக்கு இழுக்கும் விசை) அளவைக் கெடுக்கும். நுரைப்பஞ்சோ டேப்போ வைத்து அடையுங்கள், ஆனால் கம்பியில் படாமல்.

அதற்குப் பின்னால் சதுரம் வட்டமாகும் பகுதி, டிஃப்யூசர் என்னும் மெல்ல விரியும் குழல், கடைசியில் விசிறி. டிஃப்யூசர் விரியும் மொத்தக் கோணம் 5 முதல் 7 பாகைக்குள் இருக்கும். அவசரமாக விரித்தால் காற்று சுவரைவிட்டுப் பிரிந்து, அந்தத் துடிப்பு முன்னால் மாதிரி வரைக்கும் வந்து சேரும். விசிறியைப் பின்னால் வைப்பது ஏன் என்று வாய்மொழித் தேர்வில் தவறாமல் கேட்பார்கள்: விசிறி கலக்கிய காற்று மாதிரியின் மேல் படக்கூடாது, அதுதான் காரணம். விசிறிக்கு முன்னால் ஒரு பாதுகாப்பு வலை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விசிறி மோட்டாரின் வேகத்தை மாற்றுவது வி.எஃப்.டி. பெட்டி. வேகம் இரட்டிப்பானால் தேவைப்படும் மின்திறன் 8 மடங்கு. நொடிக்கு 20 மீட்டரிலிருந்து 30க்குப் போவதற்கே மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே குமிழை ஒரேயடியாகத் திருப்பாமல் படிப்படியாக ஏற்றுங்கள்.

அளக்கும் கருவிகள்

பிட்டோ-ஸ்டாடிக் குழாயும் மேனோமீட்டரும்தான் அடித்தளம். குழாயின் மூக்கில் உள்ள துளை மொத்த அழுத்தத்தையும், பக்கவாட்டுத் துளைகள் நிலை அழுத்தத்தையும் எடுக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து வேகம். இந்தத் துளைகள் குளவிக்கு ரொம்பப் பிடித்தவை. கோடை விடுமுறை முடிந்து ஆய்வகத்தைத் திறந்தால் மூக்குத் துளைக்குள் உளுந்தளவு மண் உருண்டை காய்ந்து கெட்டியாக உட்கார்ந்திருக்கும், வெளியே பார்த்தால் லேசாகச் சிவந்த புள்ளி மட்டும்தான் தெரியும். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் புவேர்ட்டோ பிளாட்டாவை விட்டுக் கிளம்பிய பிர்ஜென் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அடைபட்ட பிட்டோ குழாய் தவறான வேகத்தைக் காட்டியதே அதற்குத் தொடக்கம், மண்குளவிக் கூடுதான் அடைத்திருக்க வேண்டும் என்று விசாரணையில் சந்தேகித்தார்கள். நம் ஆய்வகத்தில் உயிருக்கு ஆபத்தில்லை, அளவுக்குத்தான் ஆபத்து. வேலை முடிந்ததும் மூக்கில் ஒரு ரப்பர் மூடி போடுங்கள். அடைத்திருந்தால் முதலில் மேனோமீட்டரிலிருந்து கழற்றிவிட்டு, பின்பக்கமிருந்து காற்றுச் செலுத்தி எடுங்கள். முன்பக்கம் ஊசி விட்டுக் குத்தினால் துளையின் விளிம்பு கெட்டுவிடும்.

அழுத்த வித்தியாசத்தை வேகமாக்கும்போது காற்றின் அடர்த்தியைப் பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துவிடாதீர்கள். அதில் உள்ள கன மீட்டருக்கு 1.225 கிலோ என்பது 15 பாகை செல்சியஸுக்கு. காரைக்குடியில் 15 பாகையை எங்கே பார்ப்பது? 35 பாகையில் அடர்த்தி சுமார் 1.146. மேனோமீட்டர் 52.6 மி.மீ. நீர் காட்டும்போது உண்மையான வேகம் நொடிக்கு 30 மீட்டர். 1.225 போட்டால் 29 என்று வரும். இந்த ஒரு மீட்டர் பிழை அதற்குப் பின்னால் போடும் எல்லாக் கணக்கிலும் தொடரும். சுவரில் வெப்பமானி இருக்கிறது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறைந்த வேகத்தில் நேர்க்குழாயில் நீர்மட்டம் கொஞ்சம்தான் நகரும். சாய்வு மேனோமீட்டரை 30 பாகையில் வைத்தால் அதே அழுத்தத்துக்கு இரண்டு மடங்கு தூரம் நகரும். பலகுழாய் மேனோமீட்டரில் புதியவர்கள் தடுமாறுவது திசையில். எந்தக் குழாயில் நீர் ஏறுகிறதோ அங்கே அழுத்தம் குறைவு. ஒரு குழாயை வெளிக்காற்றுக்குத் திறந்து வையுங்கள், இன்னொன்றை டெஸ்ட் செக்‌ஷன் சுவரின் நிலை அழுத்தத் துளையில் மாட்டுங்கள். இந்த இரண்டும் இல்லாத அளவுத்தாளை வைத்து ஒன்றும் செய்யமுடியாது.

விசைகளை அளப்பது ஸ்ட்ரெயின் கேஜ் பேலன்ஸ். கல்லூரிகளில் பெரும்பாலும் தூக்குவிசை, இழுவிசை, திருப்புத்திறன் என்று மூன்றை அளப்பது இருக்கும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் தெரிந்த எடைகளைத் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். ஒரு நுணுக்கம்: மாதிரியைச் சாய்க்கும்போது அதன் எடை பேலன்ஸின் மேல் விழும் விதமும் மாறுகிறது. அதனால் காற்று இல்லாத நிலையில் ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியாகப் பூஜ்ய அளவு எடுத்துக் கழிக்க வேண்டும். மாதிரியைக் கழற்றிவிட்டுத் தாங்கும் கம்பியை மட்டும் வைத்து ஓட்டி அதன் இழுவிசையையும் கழியுங்கள்.

ஹாட்-வயர் அனிமோமீட்டர் (சூடான இழை குளிர்வதை வைத்துக் காற்றின் வேகத்தை அளப்பது) இருந்தால் தள்ளி நின்று பாருங்கள். அதன் டங்ஸ்டன் இழை 5 மைக்ரான் கனம், தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. விரல் பட்டால் போய்விடும். ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் கேட்டு, அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எடுங்கள். ஓட்டத்தைக் கண்ணால் பார்க்கப் புகைக் கருவி இருக்கும். அது இல்லாவிட்டாலும் தையல் நூலை 2, 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டி இறக்கையின் மேல் வரிசையாக ஒட்டினால், காற்று எங்கே பிரிகிறது என்று நூலே காட்டிவிடும்.

மாதிரி

மாதிரி பெரிதாக இருந்தால் நன்றாக அளக்கலாம் என்று தோன்றும். ஆனால் பெரிய மாதிரி பாதையையே அடைத்து, சுற்றிலும் காற்றின் வேகத்தை ஏற்றிவிடும். முன்புறப் பரப்பு டெஸ்ட் செக்‌ஷனில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 600 மி.மீ. சதுரத்துக்கு அது 180 சதுர செ.மீ.

மர மாதிரிக்கு நம் ஊரில் ஆசாரிகளுக்குக் குறைவில்லை, அவர்கள் கை சுத்தம் உலகறிந்தது. இறக்கையின் குறுக்குவெட்டைத் தகரத்தில் வெட்டி அச்சாகக் கொடுத்தால் தேக்கிலோ மகாகனியிலோ இழைத்துத் தருவார்கள். முன்விளிம்பைப் பற்றி மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை நான் கொடுத்த அச்சைப் பார்த்துவிட்டு ஆசாரி, “முன்னாடி மொக்கையா இருக்கு, பின்னாடி கத்தி மாதிரி இருக்கு. திருப்பிக் கொடுத்துட்டீங்களா தம்பி?” என்று கேட்டார். சரியான கேள்வி. மொத்தையான பக்கம்தான் காற்றைப் பார்க்க வேண்டும் என்று விளக்கியதும், கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவித் தடவி மேடு தட்டாமல் இழைத்துக் கொடுத்தார். அழுத்தத் துளைகளை 1 மி.மீ.க்குள், பரப்புக்குச் செங்குத்தாகப் போடுங்கள். துளையின் வாயில் பிசிறு நின்றால் அழுத்தம் தவறாக வரும்.

ஓட்டுவதற்கு முன்

டார்ச் அடித்து டிஃப்யூசருக்குள் பாருங்கள். அணிலோ குருவியோ கூடு கட்டியிருக்கலாம். டெஸ்ட் செக்‌ஷனில் ஸ்குரூ, வாஷர், ஸ்பேனர் எதுவும் மிஞ்சவில்லையே என்று கையால் தடவிப் பாருங்கள். துப்பட்டா, அடையாள அட்டைக் கயிறு, சட்டைப் பைப் பேனா எல்லாவற்றையும் ஒதுக்குங்கள், நீண்ட முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். விசிறிக்குப் பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்து, உரக்கச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே என்று குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காதுக்கு அடைப்பான் போடுங்கள்.

முதல் சோதனை: உருளை

இறக்கையில் தொடங்காதீர்கள். 30 மி.மீ. விட்டமுள்ள உருளையை இரு சுவருக்கும் இடையே குறுக்கே மாட்டுங்கள். அதில் ஒரே ஒரு துளை போதும். உருளையை 10 பாகை 10 பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் மட்டம் நிற்கும்வரை காத்திருந்து அளவெடுங்கள். நொடிக்கு 20 மீட்டர் வேகம் வைத்தால், 35 பாகை வெப்பத்தில் பிட்டோ குழாய் சுமார் 23 மி.மீ. நீர் காட்டும்.

துளை நேராகக் காற்றைப் பார்க்கும்போது அழுத்தக் கெழு (துளையின் அழுத்தத்திலிருந்து நிலை அழுத்தத்தைக் கழித்து, பிட்டோ குழாய் காட்டும் வித்தியாசத்தால் வகுத்தது) 1 வர வேண்டும். அங்கே 1 வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள், எங்கோ கசிவு இருக்கிறது. திருப்பத் திருப்பக் குறைந்துகொண்டே வந்து 30 பாகையைக் கொஞ்சம் தாண்டியதும் பூஜ்யத்தைக் கடக்கும். உராய்வே இல்லாத காற்று என்று வைத்துப் போடும் கணக்கில் 90 பாகையில் −3 வரும். நீங்கள் அளப்பதோ −1க்குச் சற்று அப்பால், 70 பாகை அருகிலேயே அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு, 80 பாகைக்கு மேல் ஏறக்குறைய தட்டையாகப் போய்விடும். காற்று பரப்பைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். முன்னால் அழுத்தம், பின்னால் உறிஞ்சல், அந்த வித்தியாசம்தான் இழுவிசை. அளவுகளைக் கூட்டிக் கணக்கிட்டால் இழுவிசைக் கெழு 1.2க்குப் பக்கத்தில் வரும். வந்துவிட்டால் உங்கள் அறை, வலை, குழாய், கணக்கு எல்லாமே ஒழுங்காக இருக்கின்றன என்று நம்பலாம்.

அடுத்தது: ஒரு செட்டிநாட்டு வீடு

கட்டடவியல் மாணவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை ஏறியபோது புதுக்கோட்டைப் பக்கம் என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். ஓட்டுக் கூரையில் காற்று எங்கே உறிஞ்சுகிறது என்பது இங்கே வெறும் பாடமல்ல.

முகப்பு 30 மீட்டர், உயரம் 9 மீட்டர், நீளம் 60 மீட்டர் என்று ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 200இல் ஒரு பங்கு மாதிரி 15 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம், 30 செ.மீ. நீளம் வரும். முன்புறப் பரப்பு 68 சதுர செ.மீ., அடைப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. கூர் விளிம்புள்ள கட்டடத்தில் இன்னொரு வசதி: காற்று எங்கே பிரியும் என்பதை விளிம்பே தீர்மானிப்பதால், சிறிய மாதிரியின் முடிவும் பெரிதாகப் பிசகாது. உருளைக்கு அந்த வசதி கிடையாது.

ஆனால் இந்த அளவில் வீட்டுக்குள் ஓடும் காற்றை அளக்க ஆசைப்படாதீர்கள். வாசல்கள் ஒரு செ.மீ. உயரம்தான் வரும், அவ்வளவு சின்ன இடத்தில் காற்று நடந்துகொள்ளும் விதமே வேறு. கூரையின் வெளிப்பரப்பையும் திறந்த வளவையும் மட்டும் அளவிடுங்கள். தரையருகே காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் இருக்க வேண்டுமே, அதற்காக மாதிரிக்கு முன்னால் கூம்பிய பலகைகளை நிறுத்தி, தரையில் சின்னக் கட்டைகளைப் பரப்புங்கள். 2 மீட்டர் நீளத்தில் அது முழுமையாக வராது. பிட்டோ குழாயைத் தரையிலிருந்து மேலே படிப்படியாக நகர்த்தி, உண்மையில் கிடைத்த வேகப் பரவலை அறிக்கையில் வரைந்து காட்டிவிடுங்கள்.

துளைகளைக் கூரை விளிம்புகளிலும் மூலைகளிலும் நெருக்கமாக வையுங்கள், உறிஞ்சல் அங்கேதான் அதிகம். வளவைச் சுற்றிய உள்விளிம்பை மறந்துவிடாதீர்கள். மாதிரியைத் திருப்புமேசையில் வைத்து 15 பாகைக்கு ஒருமுறை சுற்றி 24 திசைக்கும் அளவெடுங்கள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி இல்லாத வீடு என்பதால் பாதியில் நிறுத்தினால் போதாது. ஒவ்வொரு திசைக்கும் வேகம், வெப்பம், காற்று இல்லாத நிலையின் பூஜ்ய அளவு மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். முடிந்ததும் வி.எஃப்.டி.யை மெதுவாக இறக்கி, விசிறி முழுதாக நின்ற பிறகு கதவைத் திறந்து, குழாய்களில் ஒட்டிய எண் சீட்டுகள் துளைகளோடு பொருந்துகின்றனவா என்று மாதிரியைக் கழற்றுவதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.